கோடையும் வழிப்போக்கரும்

நாடுகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசர்தம் போர்களையும் ஆட்சி முறைகளையுமே விரித்துரைப்பர். அவ்வரசரும் அவர்தம் படைகளும், வணிகரும் யாத்திரிகரும், கூலிக்குச் சுமை தூக்கிய எளியோரும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு சென்றனர் என்பதை அவர் சிறிதளவே குறிப்பிடுவர். வெப்ப நாடொன்றிற் கோடையின் உச்சியில் வழி நடப்பது எத்தகைய துன்பம் என்பதும், அத்துன்பத்தைத் தணித்தற்கு அரசும் சமுதாயமும் யாது செய்தன என்பதும் தனியே ஆராயப்படுதல் அரிது.

இந்தியாவின் சரித்திரத்தை இந்நோக்கோடு பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். வழியில் வெயிலை வெல்ல மாந்தர் கைக்கொண்ட முறைகள் இரண்டு. ஒன்று, குளிர்ச்சியைத் தம்மோடு சுமந்து செல்லல். மற்றது, குளிர்ச்சியை வழியிலே எல்லார்க்குமாக வைத்தல். முன்னையது செல்வர்க்கும் அதிகாரம் உடையோர்க்கும் உரியது. அதற்குரிய விலையைப் பிறர் தம் உடலாற் செலுத்தினர். பின்னையது அறம் எனப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தின் சில கட்டங்களை ஈண்டு நோக்குவாம்.

வெயிலின் இயல்பு

பங்குனி முதல் ஆனி வரையுள்ள காலமே இந்தியாவிற் கடுங்கோடையாகும். ஞாயிறு வடக்கு நோக்கிச் செல்லச் செல்ல நிலம் காய்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று சாதாரணமாக யூன் முதலாந் தேதியளவிற் கேரளக் கரையை அடையும். டில்லியை அடைய யூன் மாத முடிவாகும். அதற்கு முற்பட்ட வாரங்களில் வடநாட்டுச் சமவெளியில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தொடுவது அரிதன்று. 'லூ' என்னும் அனற்காற்று மேற்கிலிருந்து வீசி ஈரத்தை உறிஞ்சும். தமிழ்நாட்டார் இக்காலத்தின் உச்சத்தைக் கத்திரி வெயில் என்பர்.

கடும் வெயிலில் மனித உடல் பெரும்பாலும் வியர்வை ஆவியாவதனாலேயே தன் வெப்பத்தைப் போக்கிக்கொள்கின்றது. நீர் குறைந்தால் வியர்வை குறையும். வியர்வை குறைந்தால் உடலின் சூடு ஏறும். சூடு மிகுந்தால் அறிவு மயங்கி உயிரும் போகும். எனவே கோடை வழியில் நிழலும் நீரும் இன்பப் பொருள்கள் அல்ல; உயிர் காக்கும் மருந்துகள். இதனைப் பண்டைத் தமிழர் நன்கறிந்திருந்தனர். பாலைத் திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாகவும் நண்பகலைச் சிறுபொழுதாகவும் தொல்காப்பியம் வகுத்ததும், பிரிந்து வழிச்செல்லுதலை அத்திணைக்கு உரிப்பொருளாக வைத்ததும் வெறுங் கற்பனையன்று. கோடையிற் பிரயாணம் செய்பவன் மீண்டு வருவானோ என்ற ஐயம் வீட்டிலிருந்தோர்க்கு மெய்யாகவே இருந்தது. மதுரையை நோக்கி நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் பாண்டிநாட்டிற் பகலைத் தவிர்த்து நிலவொளியில் வழி நடந்தனர் என்று சிலப்பதிகாரம் கூறும். இரவில் நடந்து பகலில் தங்குதல் அக்காலத்து ஏழைகள் கையாண்ட எளிய உபாயமாகும். பிற்காலத்துப் பெரும்படைகளும் இதனையே பின்பற்றின.

சாலையில் வைத்த அறம்

வழிப்போக்கரின் துயரை அரசு தன் கடமையாக ஏற்றுக்கொண்டமைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் அசோகச் சக்கரவர்த்தியின் சாசனங்கள் தலையாயவை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிற் பொறிக்கப்பெற்ற அவருடைய இரண்டாம் பாறைச் சாசனம் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டமையையும், வழிகளிற் கிணறுகள் தோண்டப்பட்டமையையும், மரங்கள் நடப்பட்டமையையும் கூறுகின்றது. அச்சாசனத்திலேயே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் தாமிரபர்ணி எனப்பட்ட இலங்கையும் பெயர் சுட்டப்பட்டிருத்தல் நமக்கு உவகை தருவதாகும். ஏழாந் தூண் சாசனம் இன்னும் விரிவாகப் பேசுகின்றது. மனிதர்க்கும் விலங்குகளுக்கும் நிழல் தருமாறு ஆலமரங்கள் நடப்பட்டன, மாந்தோப்புகள் வைக்கப்பட்டன, குறித்த தூரத்துக்கொரு கிணறும், தங்குமிடங்களும், நீரருந்தும் சாலைகளும் அமைக்கப்பட்டன. இவை சிறு நன்மைகளே என்றும், முன்னிருந்த அரசரும் இத்தகையவற்றைச் செய்ததுண்டு என்றும், மக்கள் அறவழியில் ஒழுகுதற்பொருட்டே தாம் இவற்றைச் செய்ததாகவும் அசோகர் அதிற் சொல்லுகின்றார். நிழல் தரும் மரத்தையும் அறநெறியையும் அவர் ஒன்றாக வைத்து எண்ணினமை இங்குக் கருதற்பாலது.

இம்மரபு சமய வேறுபாடின்றித் தொடர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டில் மொறொக்கோ தேசத்திலிருந்து வந்த இபன் பதூதா சிந்து நாட்டின் சிவிஸ்தான் நகரை அடைந்தபோது கோடை உச்சநிலையில் இருந்தது. அவருடன் வந்தோர் இடையில் ஒரு துணியைக் கட்டி, நனைத்த மற்றொரு துணியைத் தோளில் இட்டு அமர்ந்திருந்தனர் என்றும், அத்துணி சிறிது நேரத்திற் காய்ந்துவிட மீண்டும் மீண்டும் நனைக்க வேண்டியிருந்தது என்றும் அவர் எழுதியுள்ளார். அவரே பின்னர் மலையாளக் கரையில் வேறொரு காட்சியைக் கண்டார். ஆங்கே வழியெங்கும் மரநிழல் இருந்தது; அரை மைலுக்கு ஒன்றாகத் திண்ணைகளையுடைய மரவீடுகளும், அவற்றருகே கிணறுகளும், நீர் வார்த்துக் கொடுப்போரும் இருந்தனர். வெயிலில் வாடிய ஒரு யாத்திரிகன் இவற்றை மறவாது குறித்து வைத்தது வியப்பன்று.

1540 முதல் 1545 வரை வட இந்தியாவை ஆண்ட ஷேர் ஷா சிந்து நதிப் பக்கத்திலிருந்து வங்காளத்துச் சோனார்காம் வரை சென்ற பெருவழியைச் சீர்செய்து, இரண்டு குரோசத்துக்கு ஒரு சத்திரம் அமைத்தார். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அவற்றிலே தனித்தனி இடம் இருந்தது. வாயிலில் நீர் நிறைந்த குடங்கள் வைக்கப்பட்டன. அனற்காற்றுக் காலத்தில் வழிப்போக்கர் நிழலிலே செல்லும்படி இருபுறமும் பழமரங்கள் நடப்பட்டன என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய அப்பாஸ் கான் காரணத்தையும் கூறியுள்ளார். பின்னர் ஜஹாங்கீரும் ஆக்கிராவிலிருந்து அட்டொக் வரையும் வங்காளம் வரையும் மரங்கள் நடுவித்தார். 1619 இல் ஆக்கிரா–லாகூர்ச் சாலையிற் குரோசத்துக்கொரு தூணும், மூன்று குரோசத்துக்கொரு கிணறும் அமைக்குமாறு ஆணையிட்டார்.

தமிழகத்தில் இவ்வறத்தை அரசர் மட்டுமன்றிக் குடிமக்களும் செய்தனர். திருநாவுக்கரசர் பெயராலே திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்த வரலாற்றைப் பெரியபுராணத்தால் அறிகின்றோம். பிற்காலத்தில் மதுரை இராணி மங்கம்மாளின் சாலைகளும் சத்திரங்களும், தஞ்சை மராட்டிய மன்னர் இராமேசுவர யாத்திரை வழியில் நிறுவிய சத்திரங்களும் பெயர்பெற்றன. அச்சத்திரங்களில் எக்குலத்து யாத்திரிகர்க்கும் உணவு கிடைத்ததையும், நோயுற்றார்க்கு மருத்துவம் செய்யப்பட்டதையும் சரபோஜி மன்னர் 1801 இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துரைத்தார். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் அருகருகே அமைந்தமையும் இவ்வறத்தின் பாற்பட்டதே. மனிதன் நீர் பருகவும், சுமையை இறக்கவும், மாடு தன் உடலை உராய்ஞ்சவும் ஒருங்கே இடம் வகுத்தோர் வழிநடையின் துன்பத்தை நன்கறிந்தோராவர்.

சுமந்து சென்ற குளிர்ச்சி

இனி, மற்றை முறையை நோக்குவாம். அக்பர் பாதுசா எங்கிருப்பினும் கங்கை நீரையே பருகினார். அந்நீரைக் குளிர்விக்க வெடியுப்பு பயன்பட்டது. அவ்வுப்பு நீரிற் கரையும்போது வெப்பத்தை உட்கொள்ளும். அக்கரைசலில் அமிழ்த்திச் சுழற்றப்பட்ட குடுவையின் நீர் தண்ணென்றாகும். 1586 ஆம் ஆண்டளவில் அவர் பஞ்சாபில் தங்கியபொழுது மலைப் பனிக்கட்டி படகுகளாலும் வண்டிகளாலும் ஆட்களாலும் லாகூருக்குக் கொண்டுவரப்பட்டது. இவற்றையெல்லாம் அபுல் பசல் தம் ஆயினி அக்பரியில் முறையாக எழுதி வைத்துள்ளார்.

கோடைப் பிரயாணத்தைத் தன் உடலால் அனுபவித்து எழுதியவருள் பிரான்சு தேசத்து வைத்தியராகிய பேர்ணியர் முதன்மையானவர். ஔரங்கசீப் பாதுசா 1664 திசெம்பரில் டில்லியிலிருந்து காசுமீரத்தை நோக்கிப் புறப்பட்டார். கடும் பிணியிலிருந்து தேறிய அவர்க்குக் கோடையைக் குளிர்நாட்டிற் கழித்தல் நன்றென மருத்துவர் கருதினர். பாதுசாவுக்கு இரு தொகுதிக் கூடாரங்கள் இருந்தன. ஒன்றில் அவர் தங்கியிருக்க, மற்றது அடுத்த தங்குமிடத்தில் முன்னரே அடிக்கப்பட்டிருக்கும். ஆயினும் படை லாகூரைவிட்டு நகருமுன் வெயில் முற்றிவிட்டது. செங்கடல் வாயிலின் கொடிய வெப்பத்தைத் தாங்கிய தமக்கு வேறெந்த வெயிலும் பெரிதன்று என எண்ணியிருந்த பேர்ணியர், லாகூரைவிட்டு நான்கு நாள் செல்லுமுன் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். தம் உடல் சல்லடை போலாயிற்றென்றும், பருகிய நீர் அப்பொழுதே விரல்நுனி வரை எல்லா உறுப்புகளிலும் வெளிவந்ததென்றும், உடலெங்கும் செங்கொப்புளங்கள் ஊசிபோலக் குத்தினவென்றும் எழுதுகின்றார். ஒரே நாளிற் பத்துப் பைந்துக்கு மேற்பட்ட நீரைக் குடித்ததாகவும் குறிக்கின்றார். ஈரத்துணி சுற்றிய தகரக் குடுவையைக் காற்றில் அசைத்து நீரைக் குளிர்விக்கும் முறையையும் அவர் விளக்கியுள்ளார். துணியின் ஈரம் ஆவியாகும்பொழுது குடுவையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லுதலே அதன் தத்துவமாகும்.

அவர் கடிதத்திற் காணப்படும் ஒரு சிறு செய்தி இவையனைத்தினும் நம் நெஞ்சைத் தொடுவதாகும். கூடாரம் இல்லாத ஏழைக் குதிரைவீரன் ஒருவன் நிழல் நாடி ஒரு மரத்தடிக்குத் தவழ்ந்து சென்று, அங்கே இறந்து கிடக்கக் காணப்பட்டான். பாதுசாவுக்கு இரண்டு கூடாரத் தொகுதிகள். அவருடைய வீரனுக்கு ஒன்றும் இல்லை. பீம்பர் என்னும் மலையடிவாரத்தை அடைந்ததும், பாதுசாவினதும் பிரபுக்களினதும் பொருள்களை மலைமேற் கொண்டுசெல்ல ஆயிரக்கணக்கான சுமைகாரர் திரட்டப்பட்டனர். மலையைக் கடந்தபின் பேர்ணியர் கண்ட காசுமீரம் அவர்க்குச் சுவர்க்கமாகத் தோன்றியது. அச்சுவர்க்கத்துக்குச் சென்ற பாதை பிறர் தோள்மீது அமைந்திருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியிற் பல்லக்கு அஞ்சல் முறை இதனையே வேறு வடிவிற் செய்தது. எட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டத்தார் நால்வர் நால்வராக மாறி மாறித் தூக்கிப் பத்து மைல் அளவிற் கொண்டுசெல்ல, அங்கே வேறொரு கூட்டத்தார் காத்திருப்பர். வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே செல்வர். முன்னே தீவர்த்தி பிடிப்போர் ஓடுவர். உள்ளே படுத்திருப்பவர் உறங்கலாம். தூக்குவோர்க்கு அஃது இயலாது.

ஆயினும் கோடை எவர்க்கும் முற்றாக அடங்கியதில்லை. கல்கத்தா அத்தியட்சராயிருந்த ரெஜினால்ட் ஹீபர் 1825 இல் இலங்கைக்கும் வந்து சென்றவர். அவர் 1826 மார்ச்சு மாதத்திற் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார். மார்ச்சு 26 ஆந் தேதி உயிர்த்த ஞாயிறன்று தஞ்சாவூரில் தமிழிலே ஆசி கூறினார். ஏப்பிரில் 3 ஆந் தேதி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக் கோயிலிற் காலை வழிபாட்டை முடித்துத் திரும்பிக் குளிக்கச் சென்றவர், நீரிற் பிணமாகவே காணப்பட்டார். அப்பொழுது அவர்க்கு வயது 42. வெயிலாற் கொதித்த உடல் குளிர்நீரிற் பட்ட அதிர்ச்சியே காரணம் எனப் பலரும் கருதினர். 1858 மே 7 ஆந் தேதி குஞ்ச் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில், சேர் ஹியூ ரோசின் படையினர் பலர் எதிரியின் குண்டுக்கன்றி வெயிலுக்கே பலியாயினர். தளபதியும் ஒருமுறைக்கு மேல் சோர்ந்து விழுந்தார்.

இதே நூற்றாண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர்க்குப் பல்லக்கும் இல்லை, சத்திரமும் இல்லை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை ஏறத்தாழ நூற்றைம்பது மைல் அவர் காட்டு வழியே நடந்தனர். ஆறுகளும் குளங்களும் வற்றிய மாதங்களில் தாகத்தாலும், கிடைத்த நீரைக் குடித்தமையால் வாந்திபேதியாலும் பலர் அவ்வழியிலேயே மாண்டனர். வழியிற் கிணறும் கொட்டிலும் அமைத்தல் வேண்டும் என்ற எண்ணம் ஆள்வோர்க்குப் பிந்தியே வந்தது. அசோகர் தம் சாசனத்திற் பெயர் குறித்த இலங்கையிலேயே, இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னர் இவ்வாறு நிகழ்ந்தது.

நீர் மறுக்கப்பட்டோர்

1853 ஏப்பிரில் 16 ஆந் தேதி பம்பாயிலிருந்து தானாவுக்குச் சென்ற முதற் புகையிரதம் கோடை வழியைச் சுருக்கியது. ஆயினும் வழியிலுள்ள தண்ணீர் யாருக்கு உரியது என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. நிலையங்களில் 'இந்துத் தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்' என இரு பானைகள் இருந்தன. இவ்விரண்டிலும் பங்கில்லாதோரும் இருந்தனர்.

இங்கே வழியறத்தைப் போற்றும் நாம் மறைக்கக் கூடாத ஒரு செய்தி உண்டு. 1901 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையிற் சாத்தாராவிலிருந்து சில சிறுவர் கோரேகாமில் வேலை பார்த்த தந்தையிடம் புறப்பட்டனர். அவருள் ஒருவர் பிற்காலத்திற் பெரும் புகழ்பெற்ற டாக்டர் அம்பேத்கர். மசூர்ப் புகையிரத நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச் செல்ல எவரும் வந்திலர். அச்சிறுவர் மகார் குலத்தினர் என அறிந்ததும் வண்டியோட்ட ஒருவரும் இணங்கவில்லை. இரட்டிப்புக் கூலிக்கு ஒருவன் இசைந்தான். அவனும் அவர்களோடு வண்டியில் அமர மறுத்து அருகே நடந்து வந்தான். அவர்களிடம் உணவு நிறைய இருந்தது. குடிக்க நீர் இல்லை. இரவிற் சுங்கச்சாவடியை அடைந்து, தாம் முஸ்லிம் எனக் கூறிச் சிறுவன் அம்பேத்கர் நீர் கேட்டபோதும் அங்கிருந்தவன் கொடுத்திலன். நீரின்றி உண்ண இயலாமையால் அனைவரும் பசியோடு உறங்கினர். இதனை அவர் பின்னர்த் தாமே எழுதியுள்ளார். 1927 மார்ச்சு 20 ஆந் தேதி மகாடு நகரிற் பொதுக்குளத்து நீரை ஆயிரக்கணக்கானோரோடு அவர் அள்ளிப் பருகிய நிகழ்ச்சிக்கு அவ்விரவின் தாகமும் ஒரு வித்தாயிருந்திருத்தல் கூடும்.

அசோகர் கிணறு தோண்டிய நாட்டிலே, அப்பூதியடிகள் பந்தல் வைத்த சமயத்தைச் சார்ந்தோரிடையே இது நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்திலும் கிணற்றில் நீரள்ளும் உரிமை பலர்க்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டதை நாம் அறிவோம். எல்லார்க்குமாக வைக்கப்படாத நீரை அறம் என்று சொல்லுதல் பொருந்தாது.

அறமே குற்றமான கோடை

1930 இல் இவ்வறம் மற்றொரு சோதனைக்கு உள்ளாயிற்று. மார்ச்சு 12 ஆந் தேதி காந்தியடிகள் 78 தொண்டரோடு சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்பிரில் 5 ஆந் தேதி தண்டியை அடைந்தார். அவ்வழியில் ஊரார் நீர் தெளித்தும் தோரணம் கட்டியும் அவரை வரவேற்றனர்.

தமிழ்நாட்டில் இராஜகோபாலாச்சாரியார் ஏறத்தாழ நூறு தொண்டரோடு ஏப்பிரில் 13 ஆந் தேதி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்டார். சித்திரை வெயிலில் ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடை அது. தஞ்சாவூர்க் கலெக்டராயிருந்த தோர்ன் என்பவர், அத்தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என அறிவித்தார். எந்தச் சத்திரங்களைக் குறித்துச் சரபோஜி மன்னர் பெருமை பாராட்டினாரோ, அந்நாட்டிலேயே வழிப்போக்கனுக்குச் சோறிடுதல் குற்றமாயிற்று. சிலர் அஞ்சாது இடமளித்துச் சிறை சென்றனர். ஏனையோர் உணவுப் பொட்டலங்களைச் சாலை மரங்களின் கிளைகளிற் கட்டிவைத்து மறைந்தனர். தொண்டர் அவற்றை அவிழ்த்து உண்டு நடந்து, ஏப்பிரில் 28 ஆந் தேதி வேதாரணியம் சேர்ந்தனர்.

சாலை மரம் நிழல் தருவதற்கே நடப்பட்டது. அவ்வாண்டு அது சோறும் தந்தது. அரசு அறத்தைக் கைவிட்டவிடத்து மக்கள் அதனைத் தாங்கி நின்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

குளிரூட்டிய வண்டிகளும் விமானங்களும் வந்துவிட்ட இக்காலத்திற் கோடை வழிநடை பழங்கதையாயிற்று எனச் சிலர் எண்ணலாம். 2020 மார்ச்சு 25 ஆந் தேதி தொற்றுநோயின் பொருட்டு இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்து, புகையிரதமும் பேருந்தும் நின்றபோது, நகரங்களிற் கூலிவேலை செய்தோர் இலட்சக்கணக்கிற் பிறந்த ஊர் நோக்கி நடந்தனர். ஏப்பிரிலும் மேயும் நடந்தோர் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்து கொடும் வெயிலிற் சென்றனர். மே 8 ஆந் தேதி மகாராட்டிரத்து அவுரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்திற் படுத்துறங்கிய தொழிலாளர் 16 பேர் சரக்குப் புகையிரதம் ஏறி மாண்டனர். அக்கோடையிலும் சாலையோரத்து ஊரார் பலர் நீரும் உணவும் கொடுத்து நின்றனர் என்பது நமக்குள்ள ஆறுதல்.

இவற்றால் நாம் அறியக் கிடப்பது யாது? வெயில் எல்லார்மீதும் ஒரே தன்மையாய் எரிகின்றது. நிழல் மட்டும் எல்லார்க்கும் ஒப்பக் கிடைப்பதில்லை. ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் அரண்மனைகளைக்கொண்டு அளப்பது ஒரு முறை. அந்நாட்டிற் கோடையின் நண்பகலிற் காலால் நடந்து செல்லும் அறிமுகமற்ற ஒருவன், தன் குலமும் சமயமும் வினவப்படாமல், எத்தனை மைலுக்குள் ஒரு மிடறு நீரைப் பெறுவான் என்று கேட்டு அளப்பது மற்றொரு முறை. பின்னைய அளவுகோலே நேரியது. உலகின் வெப்பம் ஆண்டுதோறும் மிகுந்து வருதலை விஞ்ஞானிகள் எடுத்துரைக்கும் இந்நாளில், நம் தெருவோரங்களில் தூர்ந்து கிடக்கும் கேணிகளையும், பாழடைந்த மடங்களையும், அகலச் சாலைக்காக வெட்டப்படும் மரங்களையும் மாணவர் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. அவற்றை நட்டோரும் தோண்டினோரும் தம்மை ஒருநாளும் காணாத வழிப்போக்கர்க்காகவே அவற்றைச் செய்தனர்.